ஆறாவது போல்ட்

ஆறாவது போல்ட்டின் மரை போனதை இளவரசனின் மணிக்கட்டுதான் முதலில் அறிந்தது. அதுவரை பிகு ஏறிக்கொண்டே வந்த ஸ்பானர், சோற்றுக்குள் கரண்டி இறங்குவதுபோலச் சட்டென்று இலகுவாகிக் கால் சுற்றுச் சுற்றியது. அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே அந்தக் கறுப்பு காண்டஸா காரின் பின் அச்சு. பக்கத்தில் குந்தியிருந்த சரத்குமார் கைப்பேசியை வண்டிக்கு அடியில் நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இப்ப இன்னா பண்றீங்கன்னு சொல்லுங்கண்ணா. பாக்கறவங்களுக்குப் புரியணும் இல்ல."

"கடைசி போல்ட்டு. டைட் வச்சிக்கினு இருக்கேன்," என்றான் இளவரசன். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலையில், கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பொட்டலை ஒட்டி அவனுடைய தகர ஷெட் இருந்தது. நாற்பத்தாறு வயது. பின் அச்சு வேலை என்றால் அவனைத் தேடிச் சின்னசேலத்திலிருந்தும் ஆள் வரும். மலைக்குப் போகிற ஜீப்புகள், டிராக்டர்கள், மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் மினி லாரிகள் என்று எத்தனையோ அச்சுகள் அவன் கையில் பிரிந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் இப்படி ஒரு வேலை அவனுக்கு வந்ததில்லை. சரத்குமார் புதுச்சேரியில் ஒரு கொட்டகையில் கிடந்த இந்த வண்டியை வாங்கி, மூன்று வருஷம் துரு சுரண்டி, இயந்திரம் மாற்றி, சேலத்தில் சுருள்வில்லை வெட்டித் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தான். பார்ப்பதற்குப் பாயக் குனிந்த மிருகம் மாதிரி இருந்தது. ஆனால் தாழ்த்தியதில் ஒரு கோளாறு வந்துவிட்டது. இந்த வண்டியின் பின் அச்சு ஒற்றைக் கட்டை. அது முன்னும் பின்னும் நகராமல் இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். இடவலமாக நகராமல் ஒரே ஒரு குறுக்கு ராடு பிடித்திருக்கும். ராடின் ஒரு முனை அச்சில், மறுமுனை வண்டியின் உடம்பில். வண்டியைத் தாழ்த்தியதும் ராடு படுத்து, அச்சையே ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் இடது சக்கரம் தகட்டில் உரசியது.

அதற்குத்தான் இணையத்தில் தேடி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ராடும் இரண்டு புதுக் கைகளும் வரவழைத்திருந்தான் சரத். கூடவே தலையில் உறுதியைக் குறிக்கும் எண் பொறித்த ஆறு போல்ட்டுகள், எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அச்சடித்த ஒரு தாள். அளவு பார்த்து இறுக்கும் ஸ்பானர் ஷெட்டில் இருந்தது. முதல் ஐந்து போல்ட்டையும் இளவரசன் அதில்தான் இறுக்கினான். குறுக்கு ராடின் முனையில் இருந்த ஆறாவதற்கு வந்தபோது சரத் கைப்பேசியைப் பார்த்து, "சேலத்துல ஒருத்தர் சொன்னாருங்க, கள்ளக்குறிச்சியில டிராக்டருக்கு வேணா கிரீஸ் அடிப்பாங்க, இந்த வேலையெல்லாம் ஆவாதுன்னு. இதான் எங்க ஊரு இளவரசன் அண்ணன். பாத்துக்குங்க," என்றான். அதைக் கேட்டதும் இளவரசனுக்குள் என்னவோ ஏறிக்கொண்டது. அளவு ஸ்பானரைத் தள்ளி வைத்துவிட்டு, சாதா ஸ்பானரில் முழ நீளக் குழாயைச் செருகி, காலை ஊன்றி, புஜம் தெரிய ஒரு இழு இழுத்தான். படத்தில் அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மரை போய்விட்டதைச் சொல்லியிருக்கலாம். இது ஊரில் நடக்காத சங்கதி இல்லை. 'மரை பூட்ச்சி தம்பி, சேலத்துலேர்ந்து வேற வரணும், நாலு நாள் வண்டி இங்கயே நிக்கட்டும்' என்றால் சரத் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. கைப்பேசியின் அந்தச் சின்னக் கண்ணாடிப் புள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, ஒரு டீ சொல்லிட்டு வாயேன்," என்றான்.

சரத் போய் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பழைய டப்பாவைக் கவிழ்த்ததில் ஏறத்தாழ அந்த அளவில் ஒரு போல்ட் கிடைத்தது. எந்த டிராக்டரிலிருந்து கழன்றதோ, தலையில் எண் ஒன்றும் இல்லை. ஓட்டைக்கு அரை நூல் மெலிசு. கூல்டிரிங்க்ஸ் டின் ஒன்றை வெட்டித் தகட்டைச் சுருட்டிச் சுற்றிச் செருகியதும் ஆடாமல் உட்கார்ந்தது. தலையில் கொஞ்சம் கறுப்பு பெயின்ட் தொட்டு வைத்தான். செய்யும்போது மனதில் ஒரு வாரக் கெடு வைத்துக்கொண்டுதான் செய்தான். சேலத்துக்குச் சொல்லி அசல் போல்ட் வந்ததும் வண்டியைக் கூப்பிட்டு, செக்கப் என்று சொல்லி மாற்றிவிடலாம். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?

வண்டியைத் தரையில் இறக்கி, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை இரண்டு பக்கத் தகட்டிலும் தொங்கவிட்டு அளந்தார்கள். இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. மயிரிழை வித்தியாசம் இல்லை. சரத் கிரீஸ் படிந்த அவன் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று கைப்பேசியைத் திருப்பினான்.

"இனிமே இது அசையாது," என்றான் இளவரசன்.

வண்டி கிளம்பும்போது மட்டும் ஜன்னலருகே குனிந்து, "மலைக்கு மட்டும் எடுத்துக்கினு போவாத தம்பி," என்றான்.

"ஏண்ணா?"

"தாழ்வா இருக்குது இல்ல. அடி தட்டும்."

அன்றைக்கு அவன் வாயிலிருந்து உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்த பேச்சு அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை சேலம் பஸ்ஸில் போல்ட் வந்தது. எண்ணெய்த்தாளில் சுற்றிய, எடுப்பான போல்ட். கையில் வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தான். சரத்துக்குப் போன் போடக் கைப்பேசியை எடுத்தபோது ஒரு கரும்பு லாரியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த லாரிதான். அன்று மாலை ஒருமுறை சரத்தின் பெயரைத் திரையில் எடுத்துவைத்துக்கொண்டு, என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்தபடி நின்றான். பிறகு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஞாயிறு காலையில் மலை ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். சின்னதுரை என்று ஒரு ஏட்டு. "நீதானேய்யா காண்டஸா மெக்கானிக்கு? பையன் உன் நம்பரத்தான் குடுத்தான். வண்டி மேல வளைவுல கெடக்குது. வந்து எறக்கிக்கினு போ."

"ஆளுக்கு ஒண்ணும் இல்லயே சார்?"

"அவனுக்கு இன்னா? நின்னுக்கினு இருந்த ஒரு பொம்பளைக்குத்தான்."

இழுவை வண்டியை வரச் சொல்லிவிட்டு இளவரசன் அலமாரியைத் திறந்து அந்தப் புது போல்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதற்கு எடுக்கிறோம் என்று அப்போது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணையின் தண்ணீர் பக்கவாட்டில் ஒரு கணம் மின்னி மறைந்தது. பிறகு ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் இழுவை வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். வெள்ளிமலைக்கு முன்னால், மினி பஸ் நிற்கிற ஒரு திருப்பத்தில் அந்தக் கறுப்பு வண்டி குறுக்காகக் கிடந்தது. முன்பக்கம் சாலையிலேயே இருந்தது. பின்பக்கம் மட்டும் வெளியே வீசப்பட்டு, சாலையோரக் கல்சுவரில் மோதி நசுங்கியிருந்தது. சுவரடியில் சாக்கு ஒன்று கிழிந்து புளி சிதறியிருந்தது. அதன்மேல் வண்டிகள் ஏறிப்போய், தாரில் அப்பிக்கொண்டு, கட்டெறும்புகள் மொய்த்தன. ஒற்றைச் செருப்பு ஒன்றும் கிடந்தது. வார் அறுந்து கம்பியால் தைத்த செருப்பு.

ஏட்டு நிழலில் நின்று கதையைச் சொன்னார். கரியாலூர்ப் பக்கத்து அம்மா. சாலம்மாள் என்று பேர். சந்தைக்குப் புளி கொண்டுபோக மினி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்த வண்டியின் பின்பக்கம் சுற்றி வந்து சுவரோடு சேர்த்து இடித்துவிட்டது. இடுப்பெலும்பு போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. "பையன ஜனங்க நல்லா சாத்திட்டாங்க. அவ்ளோ அடியிலயும் அந்தம்மாவத் தூக்கிக்கினு ஒரு வேன்ல ஏறிட்டான். அது வரைக்கும் நல்லவன்தான். ஆனா இந்த ரோட்டுல இன்னா ஸ்பீடு வந்தா இப்டி சுத்தும், சொல்லு?"

இளவரசன் கொண்டுவந்த சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

குறுக்கு ராடின் ஒரு முனை தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட்டின் தலைப்பக்கம் ஓட்டையிலேயே சிக்கியிருந்தது. விரலால் நெம்பியதும் உள்ளங்கையில் விழுந்தது. முறிந்த முகத்தைச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினான். பாதி கறுத்திருந்தது. மீதிப் பாதி புதுக் காசுபோலப் பளிச்சென்று இருந்தது. அவனுக்கு அதைப் படிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இடித்ததால் முறிந்திருந்தால் முகம் முழுக்கப் பளிச்சென்று இருக்கும். கறுத்த பாதி நாள்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து வந்தது. அந்த வளைவில் பளிச்சென்ற பாதியும் விட்டிருக்கிறது. முதலில் போல்ட் போயிருக்கிறது. அப்புறம் அச்சு நகர்ந்திருக்கிறது. அப்புறம்தான் அந்த அம்மா. சுருட்டிச் செருகிய தகரம் ஓட்டைக்குள் கசங்கி நின்றது. அதில் ஒரு எழுத்துகூட இன்னும் அழியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே படுத்திருந்தானோ தெரியவில்லை. தார் முதுகைச் சுட்டது. வெளியே ஏட்டின் பூட்ஸ் கால்கள் இப்படியும் அப்படியும் நடந்தன. 'சார், இங்க வந்து பாருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை சட்டைப்பைக்குப் போயிற்று. தகரத்தைப் பிடுங்கி எடுத்தான். ராடை ஜாக்கியால் தூக்கி ஓட்டைக்கு நேராக நிறுத்தி, புது போல்ட்டைச் செருகி நட்டை முடுக்க ஆரம்பித்தான்.

"இன்னாய்யா பண்ற உள்ள?"

"அச்சு ஆடுது சார். ஒரு போல்ட்டு போட்டாத்தான் இழுத்துக்கினு போவ முடியும்."

அதுவும் உண்மைதான். போட்டிருக்காவிட்டால் சக்கரம் தகட்டில் சிக்கி வண்டி நகர்ந்திருக்காது. மலை இறங்கும் வழியெல்லாம் அவன் அந்த உண்மையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். முறிந்த துண்டும் தகரமும் பாக்கெட்டில் தொடையில் குத்திக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி ஷெட்டுக்கே வந்தார். பிரேக் பார்த்தார், ஸ்டியரிங் பார்த்தார், டயர் பார்த்தார். டார்ச்சை அடித்துக் குனிந்து பின் அச்சையும் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கே," என்றார். இயந்திரக் கோளாறு ஏதும் இல்லை என்று எழுதி, வந்த வழியே போய்விட்டார். அவர் பார்த்ததில் தப்பில்லை. பார்க்கும்படி வைத்ததைத்தான் பார்த்தார்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கண்ணகி கைப்பேசியை நீட்டினாள். அவன் மனைவி பேச்சு கம்மியான பெண். அவளே நீட்டுகிறாள் என்றால் மனசு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். சரத் இணையத்தில் போட்ட அந்தப் படத்தில் அவன் காலை ஊன்றி ஸ்பானரை இழுத்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ பேரு பாத்துக்கிறாங்க பாருங்க. அந்தப் புள்ளயத்தான் எல்லாரும் திட்டி எழுதிக்கிறாங்க. பாவம், கவர்மென்ட் வேலைக்கு ஆர்டர் வர நேரம். உங்கள ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லல."

திரையில் அவன் நிமிர்ந்து, "இனிமே இது அசையாது," என்றான். அவன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"இன்னாங்க, கொழம்பு உப்பா?"

"இல்ல," என்று எழுந்து கையைக் கழுவினான். கண்ணகி அவன் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்துக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஷெட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொண்டான். அதுவும் பொய் என்று உடனே தோன்றியது.

மறுநாள் சரத்தே வந்தான். புருவத்தில் தையல், உதடு வீங்கி ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நடையில் முன்பிருந்த துள்ளல் இல்லை. நசுங்கிக் கிடந்த வண்டியின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. நேராக வந்து, ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே சொன்னான்.

"நீங்க சொன்னீங்கண்ணா, மலைக்கு எடுத்துக்கினு போவாதன்னு. நான்தான் கேக்கல."

இளவரசன் கையிலிருந்த கந்தலால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பானரைத் துடைத்தான். "எவ்ளோ ஸ்பீடுல வந்த?"

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும்னுதான் நெனைக்கிறேன். ஆனா ஜாஸ்தியாத்தான் இருந்திருக்கும். இல்லன்னா எப்டிண்ணா சுத்தும்? ஸ்டேஷன்லயும் அதத்தான் கேக்கறாங்க. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். இப்பல்லாம் எனக்கே அறுவதுல வந்த மாதிரிதான் ஞாபகம் வருது."

கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, ஆணைக்காகக் காத்திருந்தவன் அவன். வழக்கு இருந்தால் அது நிற்கும். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "ஆஸ்பத்திரியில அந்தம்மாவ நான்தான் பாத்துக்கினு இருக்கேன். அவங்க வூட்டுக்காரரு தனியா கஷ்டப்படறாரு," என்று மட்டும் சொன்னான்.

அவன் தலை சாலையில் மறையும் வரை இளவரசன் நின்றுகொண்டிருந்தான். மலைக்குப் போகாதே என்று சொன்னது, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பாதி உண்மை. அது இப்போது அந்தப் பையன் தலையில் முழுப் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. தான் ஓட்டிய வேகத்தைக்கூட அவன் தன் ஞாபகத்தில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். அதற்குக் காரணம், 'இது அசையாது' என்று சொன்ன ஒருவனை அவன் நம்புவதுதான். அடித்த ஜனங்களின் கைகூட அவனை இவ்வளவு தூரம் தொட்டிருக்காது.

அன்று எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு மினி லாரிக்கு வீல் நட்டு முடுக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று முறை தொட்டுப் பார்த்தான். லாரிக்காரர், "இன்னா இளவரசா, சாமி கும்பிடறியா?" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். சொல்வதற்காகப் போகவில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனான். எலும்பு வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சாலம்மாள் கிடந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்ன உடம்பு. வலது காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கியது. அவள் புருஷன் இருசப்பன் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். சரத் தலைமாட்டில் நின்று ஒரு டம்ளர் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான். இளவரசனைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணா வந்துட்டாரு. அம்மா, இவருதான் நான் சொன்ன மெக்கானிக் அண்ணன்."

இருசப்பன் எழுந்து கைகுவித்தார். அந்தக் கும்பிடை என்ன செய்வதென்று இளவரசனுக்குத் தெரியவில்லை. சாத்துக்குடிப் பையை நீட்டினான். அவர் வாங்கிக் கட்டிலடியில் வைத்துவிட்டு, ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க வைத்திருந்ததுபோலக் கேட்டார்.

"வண்டி வேல தெரிஞ்சவங்க, உங்களத்தான் கேக்கணும். அது ஏங்க அப்டி வந்துச்சி?"

இளவரசன் வாயைத் திறப்பதற்குள் சாலம்மாள் பேசினாள். தலையை அசைக்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள். "நான் பாத்துக்கினுதான நின்னேன். தம்பி மெதுவாத்தான் வந்துது. வளைவுக்கு நேராத்தான் வண்டிய ஒடிச்சிது. மூஞ்சி ரோட்டோடதான் போவுது. பின்னால மட்டும் தானா நவுந்து வருது. மொரட்டு மாடு பின்னங்கால நவுத்தி ஒதைக்க வருமே, அப்டி. ஓடறதுக்குள்ள வந்துட்டுது. எழுத வந்த போலீசுகிட்டயும் சொன்னேன். உனக்கு இன்னா தெரியும்னுட்டாரு."

"இல்லம்மா," என்றான் சரத். "நான்தான் வேகமா வந்தேன். உங்களுக்குத் தெரியல."

"எனக்கா தெரியல? அந்த ரோட்டுல நாளெல்லாம் வண்டி பாக்கறவ நானு."

"நான்தாம்மா."

அடிபட்டவள் அவனை விடுவிக்கிறாள். அவன் விடுபட மாட்டேன் என்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் இளவரசன் நின்றுகொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கிளம்பட்டும், அப்புறம் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். அது கிளம்பவில்லை.

"அந்தம்மா சொல்றதுதான் சரி," என்றான்.

சரத் திரும்பினான்.

"உம்மேல தப்பு இல்ல தம்பி. குறுக்கு ராடோட போல்ட்டு முறிஞ்சிட்டுது. நான் போட்டது உன் பாக்ஸ்ல வந்த போல்ட்டு இல்ல. நீ படம் புடிச்சிக்கினு இருந்தப்ப, ஜம்பமா இழுத்து நான்தான் அதோட மரையக் கெடுத்தேன். உன்ன டீக்கு அனுப்பிட்டு, பழைய போல்ட்டு ஒண்ணத் தகரம் சுத்திப் போட்டேன். நல்லது வியாழக்கெழமயே வந்துட்டுது. கூப்புடல." நிறுத்தி மூச்சு வாங்கினான். அத்தோடு முடிக்கலாம்போல இருந்தது. ஆனால் முடியவில்லை. "ஞாயித்துக்கெழம மேல போனப்ப முறிஞ்சதப் பாத்தேன். ஏட்டு நிக்கறப்பவே புதுசு மாத்திட்டேன். அதான் ஆபீசருக்கு ஒண்ணும் தெரியல."

சரத் டம்ளரை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தான். அவன் முகத்தில் முதலில் கோபம் வரவில்லை. வழி தவறியவனுக்குத் திடீரென்று தெரு அடையாளம் தெரிந்ததுபோல ஒரு திகைப்புத்தான் வந்தது.

"அப்ப… நான் ஸ்டியரிங் ஒடிச்சது சரியாத்தான் இருந்துதா?"

"சரியாத்தான் இருந்துது."

"முப்பதுலதான் வந்தனா?"

"அதுக்கு மேல வந்திருந்தா சுவர ஒடச்சிக்கினு கீழ போயிருக்கும்."

சரத் தலையை ஆட்டினான். இரண்டு மூன்று முறை ஆட்டினான். பிறகுதான் கண்கள் சிவந்தன. "எங்கம்மா ஆறு நாளா எங்கூடப் பேசல. கொலகாரன் மாதிரி பாக்கறாங்க. முந்தாநேத்து உங்க முன்னால வந்து நின்னேனே. உங்க முன்னாலயே சொன்னேனே, நான்தான் தப்புன்னு. அத நின்னு கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

இளவரசன் அன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருசப்பன் இப்போது இளவரசனுக்குக் கிட்டே வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்றே அவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"அது எவ்ளோ பெருசுங்க?" என்று கேட்டார் அவர். "அந்த போல்ட்டு."

இளவரசன் தன் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினான். இருசப்பன் அதைப் பார்த்தார். பிறகு தன்னுடைய சுட்டுவிரலை நீட்டி அதையும் பார்த்தார். மனைவியின் இடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு போய்ச் சுவரோரமாக நின்றார்.

"முறிஞ்சது எங்க இருக்குது?" என்றான் சரத். குரல் மாறியிருந்தது. அண்ணா என்ற சொல் இல்லை.

"ஷெட்டுல வச்சிருக்கேன். தகரமும் இருக்குது. எடுத்துக்கினு நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல மேல போறேன். ஸ்டேஷன்ல சொல்றேன்."

"நாளைக்கா?"

அந்த ஒரு சொல்லில் வியாழன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய் எல்லாம் இருந்தன. இளவரசன் தலை கவிழ்ந்தான். "இல்ல. இன்னைக்கே. இங்கேர்ந்து ஷெட்டுக்குப் போயி, அப்டியே."

சரத் நம்பினானா என்று தெரியவில்லை. கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு, ஒரு கரண்டி எடுத்துச் சாலம்மாளின் வாயருகே கொண்டுபோனான். அவள் விழுங்கிவிட்டு, "சொல்லிட்டாரு இல்ல, உடு தம்பி," என்றாளா, "உடாத தம்பி" என்றாளா, இளவரசனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

அவன் கிளம்பத் திரும்பியபோது நர்ஸ் ஒரு தள்ளுவண்டியோடு வந்து வழியை மறித்துக்கொண்டாள். கையில் வெளுத்த விரிப்பு. "ஆம்பளைங்க எத்தன பேரு இருக்கீங்க? அடியில துணி நனைஞ்சிருக்கு, மாத்தணும். ஒருக்களிக்கக் கூடாது, படுத்திருக்கற போர்வையோட அப்படியே தூக்கணும். நாலு மூலைக்கு நாலு பேரு வாங்க."

இருசப்பன் கால்மாட்டுக்கு வந்தார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒருவர் எழுந்து வந்து இன்னொரு மூலையைப் பிடித்தார். தலைமாட்டில் ஒரு மூலை சரத்துடையது. அதற்கு எதிர்மூலை காலியாக இருந்தது. சரத் இளவரசனைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த மூலையைத்தான் பார்த்தான்.

"வந்து புடிங்க," என்றான்.

இளவரசன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தான். நர்ஸ் சொன்னதும் நாலு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். சாலம்மாள் ஒரு சாண் உயரம் எழும்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் வரவில்லை. பின்னிய ஒற்றைச் சடை போர்வைக்கு வெளியே நழுவித் தொங்கியது. இவ்வளவு கனமில்லாத உடம்பா என்று இருந்தது அவனுக்கு. நர்ஸ் குனிந்து நனைந்த துணியை அடியிலிருந்து இழுத்துப் போட்டு, வெளுத்ததை உதறி விரித்து, அங்குலம் அங்குலமாகச் சுருக்கம் எடுக்க ஆரம்பித்தாள். "இருங்க, இருங்க, எறக்கிடாதீங்க," என்றாள் குனிந்தபடியே. எதிரே சரத்தின் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. போர்வை நடுவில் பள்ளமாகத் தொய்ந்து, நாலு பக்கமும் விறைத்து நின்றது. சாலம்மாள் கண்ணைத் திறந்து, தனக்கு மேலே குனிந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.